ராஸ்பெரி பைல கிட்டார் எஃபெக்ட் ஓட்டும்போது ஏன் வெட்டுது, லேட்டன்சிய எப்படி இறக்குறது

கேள்விய முதல்ல சுருக்கிக்கிறேன். ராஸ்பெரி பை 4ங்கற கையடக்க கம்ப்யூட்டர் போர்டு, சாதாரண யூஎஸ்பி சவுண்ட் கார்டு, லினக்ஸ்ல ஜாக் (கார்டுக்கும் ப்ரோக்ராமுக்கும் நடுவுல ஆடியோ கொண்டு போற சாஃப்ட்வேர்) ஓடுது, அதுக்கு மேல கிட்டார் ஆம்ப் மாதிரி சத்தம் கொடுக்கற ஒரு ஆம்ப் சிமுலேட்டரும் எதிரொலி சேக்கற ரிவெர்பும். பஃபர், அதாவது ஒரு தடவைக்கு சேத்து அனுப்பற ஆடியோ சாம்பிள் எண்ணிக்கை, 1024 வச்சா சுத்தமா கேக்குது, ஆனா கம்பிய மீட்டினதுக்கும் சத்தம் வர்றதுக்கும் நடுவுல இழுக்குது, அந்த தாமதம் தான் லேட்டன்சி. 64 வச்சா இழுவை போயிடுது, ஆனா நிமிஷத்துக்கு நாலஞ்சு தடவ 'டிக் டிக்'னு வெட்டுது. டாப் கமாண்ட்ல பாத்தா சிபியூ 25 சதவீதத்த தாண்டல. அப்புறம் ஏன் இப்படி, பை 5 வாங்கினா சரியாயிடுமா? இதான நீங்க கேட்டது.

பை 5 இப்போதைக்கு வாங்காதீங்க. உங்க கிட்ட இருக்கற போர்டே போதும், அதுக்கு வேகம் பத்தாம இல்ல. கணக்கு போட்டு பாருங்க, 48000 ஹெர்ட்ஸ்ல, அதாவது செகண்டுக்கு 48000 சாம்பிள்ல, 64 சாம்பிள்னா 1.33 மில்லிசெகண்ட். பை 4ல இருக்கற ஒரு கோர் 1.5 கிகாஹெர்ட்ஸ்ல ஓடுதுன்னா அந்த 1.33 மில்லிசெகண்டுல 20 லட்சம் க்ளாக் சைக்கிள் கிடைக்குது, அதாவது ஒரு சாம்பிளுக்கு 31 ஆயிரம் சைக்கிள். ஒரு ஆம்ப் சிமுலேட்டருக்கும் ரிவெர்புக்கும் இது தாராளம். சிக்கல் வேற எடத்துல இருக்கு, அந்த 20 லட்சம் சைக்கிளும் உங்க ப்ரோக்ராமுக்கு சரியான நேரத்துல கைக்கு வருதான்னு தான் பாக்கணும்.

ரியல் டைம்னா வேகம்னு நிறைய பேர் நினைச்சுக்கறாங்க, அது இல்ல. முகூர்த்தம் 9லேர்ந்து 10.30ன்னா ஐயர் எவ்வளவு வேகமா மந்திரம் சொல்றாருங்கறது கேள்வியே இல்ல, 10.30க்குள்ள தாலி ஏறணும், அவ்வளவு தான். நூறு கல்யாணத்த சீக்கிரம் முடிச்சு வச்சவர் நூத்தியொண்ணாவதுல முகூர்த்தத்த தவற விட்டா அந்த வீட்டுக்காரங்க கிட்ட சராசரி பேச முடியாது. ஆடியோவும் அப்படித்தான். 64 சாம்பிள்னா ஒரு செகண்டுக்கு 750 முகூர்த்தம், ஒரு மணி நேரத்துக்கு 27 லட்சம். அதுல 99.99 சதவீதம் சரியா பண்ணிட்டாலும் 270 தடவ வெட்டு விழும். டாப் கமாண்ட் சும்மா விட்டா மூணு செகண்டுக்கு ஒரு தடவ சராசரி காட்டுது, அந்த மூணு செகண்டுக்குள்ள 2250 பீரியட் (ஒரு பஃபர் ஆடியோ ஓடற நேரம், நம்ம முகூர்த்தம்) ஓடி முடிஞ்சிருக்கும், அதுல ஒண்ணே ஒண்ணு தவறினத டாப் எப்படி காட்டும்? அதனால இனிமே சராசரிய பாக்காதீங்க, ஆக மோசமான ஒரு தடவ எவ்வளவு லேட்டாச்சுங்கறத மட்டும் பாருங்க. கீழ சொல்ற எல்லாமே அந்த ஒரு நம்பர இறக்குறதுக்குத் தான்.

பஃபர்ங்கறது மொட்டைமாடி தொட்டி மாதிரி. தொட்டி பெருசா இருந்தா மோட்டார் பத்து நிமிஷம் நின்னாலும் குழாய்ல தண்ணி வந்துட்டே இருக்கும், சின்னதா இருந்தா மோட்டார் ஒரு நிமிஷம் நின்னாலே குழாய் காத்து விடும். நீங்க நேரா தொட்டிய மட்டும் சின்னதாக்கிட்டீங்க, மோட்டார அப்படியே விட்டுட்டீங்க. மொதல்ல மோட்டார் நிக்காம பாத்துக்கணும், அப்புறம் தான் தொட்டிய குறைக்கணும்.

எவ்வளவு லேட்டன்சி இருந்தா பரவால்லன்னும் சொல்லிடறேன், ஏன்னா தேவையில்லாம 16 சாம்பிளுக்கு போய் சிரமப்படுறவங்க இருக்காங்க. யூஎஸ்பி கார்டுக்கு மூணு பீரியட் வைக்கறது வழக்கம், உள்ள வர ஒரு பீரியட், வெளிய போக மூணு, ஆக நாலு பீரியட். 1024ல அது 85 மில்லிசெகண்ட். சத்தம் காத்துல செகண்டுக்கு ஏறக்குறைய 343 மீட்டர் போகுது, அப்ப 85 மில்லிசெகண்ட்னா நீங்க ஆம்ப்லேர்ந்து 29 மீட்டர் தள்ளி நின்னு வாசிக்கற மாதிரி, கை இழுக்கத்தான் செய்யும். 64ல அதே நாலு பீரியட் 5.3 மில்லிசெகண்ட், ரெண்டு மீட்டர் கூட இல்ல. ஜாக் 2 சாதாரணமா ஏசின்க் மோடுல ஓடும், அதுல இன்னும் ஒரு பீரியட் சேரும், சின்க் மோடுல ஸ்டார்ட் பண்ணினா அது மிச்சம். இது போக கார்டுக்குள்ள இருக்கற கன்வெர்ட்டர் ஃபில்டரும் யூஎஸ்பி டிரான்ஸ்ஃபரும் சேந்து ஒண்ணுலேர்ந்து மூணு மில்லிசெகண்ட் வரைக்கும் சாப்பிடும். பர்க்லி பல்கலைக்கழகத்துல இருந்த டேவிட் வெசலும் மேத்யூ ரைட்டும் 2000களோட ஆரம்பத்துலயே இதுக்கு ஒரு அளவு சொன்னாங்க, லேட்டன்சி 10 மில்லிசெகண்டுக்குள்ள இருக்கணும், அது ஆடுற ஆட்டம் 1 மில்லிசெகண்டுக்குள்ள இருக்கணும்னு. மேடைல ஆம்ப்லேர்ந்து மூணு மீட்டர் தள்ளி நிக்கற கிட்டாரிஸ்டுக்கு காத்துலயே 9 மில்லிசெகண்ட் கிட்ட போயிடுது, அவர் நல்லாத்தான் வாசிக்கறார். அதனால உங்க இலக்கு 64 சாம்பிள், மூணு பீரியட், ஒரு மணி நேரம் ஒரு வெட்டு இல்லாம. அதுக்கு கீழ போகணும்னு அவசியம் இல்ல.

இப்ப அளக்கலாம். எதையும் மாத்தறதுக்கு முன்னாடி அளங்க, இத நான் கெஞ்சி கேட்டுக்கறேன், ஏன்னா நெட்ல கிடைக்கற இருபது ட்வீக்கையும் ஒரே நாள்ல போட்டுட்டு எது வேலை செஞ்சுதுன்னு தெரியாம நிக்கறவங்கள நிறைய பாத்துட்டேன். ஆர்டி-டெஸ்ட்ஸ்னு ஒரு பேக்கேஜ் இருக்கு, அதுல சைக்ளிக்டெஸ்ட்னு ஒரு ப்ரோக்ராம், தாமஸ் க்ளைக்ஸ்னர் எழுதினது. அது என்ன பண்ணுதுன்னா, 'என்ன சரியா 1000 மைக்ரோசெகண்ட் கழிச்சு எழுப்பு'ன்னு லினக்ஸோட மையமான கர்னல் கிட்ட சொல்லிட்டு தூங்குது, எழுந்ததும் எவ்வளவு லேட்டா எழுப்பினாங்கன்னு குறிச்சுக்குது, அத லட்சக்கணக்குல திரும்பத் திரும்ப பண்ணுது. மெமரி லாக் போட்டு, ப்ரையாரிட்டி 90 கொடுத்து, கோருக்கு ஒரு த்ரெட்டா (ப்ரோக்ராமுக்குள்ள தனியா ஓடற வேலை) ஓட்டுங்க. முக்கியமா, சும்மா இருக்கற போர்டுல ஓட்டாதீங்க, சும்மா இருக்கறப்ப எல்லா கர்னலும் நல்ல பிள்ளை தான். பக்கத்துல போர்டு மேல சுமை ஏத்தற ஸ்ட்ரெஸ்-என்ஜி இல்ல ஹேக்பெஞ்ச் ஓட்டி, எஸ்டி கார்டுல ஒரு பெரிய ஃபைல காப்பி பண்ண விட்டு, நெட்வொர்க்ல எதையாவது டவுன்லோடு போட்டுட்டு அப்புறம் மேக்ஸ் காலம் மட்டும் பாருங்க. பத்து நிமிஷம் பத்தாது, ராத்திரி போட்டுட்டு காலைல பாருங்க. சாதாரண கர்னல்ல இந்த மாதிரி லோடுல மேக்ஸ் பல நூறு மைக்ரோசெகண்டுக்கு போறது சகஜம், சில நேரம் மில்லிசெகண்டையும் தொடும். உங்க மொத்த முகூர்த்தமே 1.33 மில்லிசெகண்ட் தான், அதுல முக்கால்வாசி எழுந்திரிக்கறதுக்கே போனா வேலைய எப்ப செய்யறது.

யார் லேட் பண்றாங்கன்னு கண்டுபிடிக்கவும் கருவி இருக்கு, அத நிறைய பேர் பயன்படுத்தறது இல்ல. கர்னலுக்குள்ளயே டைமர்லாட்னு ஒரு ட்ரேஸர், அத ஓட்ட ஆர்டிஎல்ஏன்னு ஒரு டூல். இத்தன மைக்ரோசெகண்ட தாண்டினா நிறுத்துன்னு வரம்பு கொடுத்தா, தாண்டின அந்த நொடில எந்த இன்டரப்ட் ('என்ன கவனி'ன்னு ஹார்ட்வேர் சிபியூவ தட்டற சிக்னல்), எந்த த்ரெட் குறுக்க வந்துச்சுன்னு பிரிச்சு காட்டும். இத எழுதின டேனியல் ப்ரிஸ்டாட் டி ஒலிவெய்ரா 2024 ஜூன்ல சின்ன வயசுலயே காலமாயிட்டார். கீழ சொல்லப்போற ரியல் டைம் லினக்ஸ் மெயின் கர்னல்ல முழுசா சேந்தது அதே வருஷம் செப்டம்பர்ல, மூணு மாசம் தான் இடைவெளி. அந்த டூல ஓட்டறப்ப எல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும்.

சரி, மாத்த வேண்டியத வரிசையா பாக்கலாம். மொதல்ல கரண்ட். இத சொன்னா இதுக்கும் லேட்டன்சிக்கும் என்ன சம்பந்தம்னு கேப்பாங்க. எனக்கே நடந்தது, ஒரு போர்டுல பதினஞ்சு இருபது நிமிஷம் நல்லா ஓடும், அப்புறம் திடீர்னு வரிசையா வெட்டும், திரும்ப சரியாயிடும். ரெண்டு வாரம் கர்னல், ஜாக், ப்ளகின்னு எல்லாத்தையும் நோண்டினேன். கடைசில பாத்தா வீட்ல கிடந்த போன் சார்ஜரும் ஒரு மெல்லிசு கேபிளும், லோடு ஏறினா வோல்டேஜ் 4.63க்கு கீழ இறங்கிடும், இறங்கினதும் போர்டோட ஃபர்ம்வேர் தானாவே ப்ராசசர் வேகத்த குறைச்சிடும், லினக்ஸ கேக்கவே கேக்காது. பை 4க்கு 5.1 வோல்ட் 3 ஆம்பியர் அடாப்டர் தான் சரி. வீசிஜென்கமாண்டுல கெட் த்ராட்டில்ட்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, அது பூஜ்யம் காட்டணும். 0x50000ன்னு காட்டினா இப்ப சரியா இருக்கு, ஆனா ஆன் பண்ணினதுலேர்ந்து எப்பவோ ஒரு தடவ வோல்டேஜ் இறங்கி வேகமும் குறைஞ்சிருக்குன்னு அர்த்தம். சூடும் அதே கதை தான், 80 டிகிரி தொட்டா வேகத்த குறைக்க ஆரம்பிக்கும், ஒரு ஹீட்சிங்க் ஒட்டிடுங்க, நம்ம ஊர் மே மாசத்துல மூடின டப்பாக்குள்ள வச்சா 80 ஒண்ணும் பெரிய விஷயம் இல்ல.

அடுத்து சிபியூ கவர்னர். சும்மா விட்டா ஆன்டிமாண்ட்ல இருக்கும், வேலை இல்லன்னா வேகத்த குறைக்கும், வேலை வந்தா ஏத்தும். ஆடியோ வேலை எப்படி வருதுன்னா கொஞ்சம் வேலை, கொஞ்சம் தூக்கம், திரும்ப வேலை, இத பாத்து கவர்னர் 'பெருசா வேலை இல்ல போல'ன்னு முடிவு பண்ணி இறக்கிடும். பெர்ஃபார்மன்ஸ்னு மாத்திடுங்க. இது ஒரு வரி வேலை, ஆனா இந்த ஒண்ணுலயே பாதி வெட்டு போனவங்க உண்டு.

இப்ப கர்னல். சாதாரண லினக்ஸ் கர்னல் மொத்த வேலையும் சீக்கிரம் முடியணும்னு கட்டினது, ஒரு வேலை சரியான நேரத்துல நடக்கணும்னு கட்டினது இல்ல. நெட்வொர்க் பாக்கெட் வந்தா இன்டரப்ட் வரும், அத கவனிக்கற வரைக்கும் அந்த கோர்ல உங்க ஆடியோ த்ரெட் காத்திருக்கும். கர்னலுக்குள்ள ஸ்பின்லாக் (கிடைக்கற வரைக்கும் தூங்காம சுத்திட்டே காத்திருக்க வைக்கற பூட்டு) பிடிச்சிருக்கற நேரத்துல அந்த கோர்ல வேற யாரும் குறுக்க வர முடியாது, நீங்க எவ்வளவு பெரிய ப்ரையாரிட்டி வச்சிருந்தாலும் சரி. ரியல் டைம் லினக்ஸ், அதாவது ப்ரீஎம்ப்ட் ஆர்டிங்கறது இத மாத்துது. இன்டரப்ட் வேலைகள தனித்தனி த்ரெட்டா ஆக்கிடுது, அப்ப அதுக்கும் ப்ரையாரிட்டி போட்டு உங்க வேலைய முன்னாடி நிறுத்தலாம். ஸ்பின்லாக்ல பெரும்பாலானத தூங்கக்கூடிய லாக்கா மாத்திடுது, அதனால கர்னல் நடு வேலைல இருந்தாலும் உங்க த்ரெட் உள்ள புகுந்து ஓடலாம். மொத்தத்துல கொஞ்சம் வேகம் குறையும், ஃபைல் காப்பி கொஞ்சம் மெதுவாகும், அது தெரிஞ்சே கொடுக்கற விலை.

இத 2004 வாக்குலேர்ந்தே இங்கோ மோல்னார், தாமஸ் க்ளைக்ஸ்னர், ஸ்டீவன் ராஸ்டெட் மாதிரி ஆளுங்க தனி பேட்சா வச்சு இழுத்துட்டு வந்தாங்க. ஹை ரெசல்யூஷன் டைமர், த்ரெட் இன்டரப்ட், ஒரு நேரத்துல ஒருத்தர் மட்டும் பிடிக்கற லாக்கான மியூடெக்ஸ்னு ஒவ்வொரு துண்டா மெயின் கர்னலுக்குள்ள போய், கடைசில மிஞ்சி நின்னது ப்ரின்ட்கே, அதாவது கர்னல் தன்னோட மெசேஜ கன்சோல்ல எழுதற வேலை. கேக்க சின்ன விஷயம் மாதிரி இருக்கும், ஆனா கர்னல் சாகற நேரத்துலயும் மெசேஜ் வெளிய வந்தாகணும், அதே நேரம் ரியல் டைமும் கெடக்கூடாதுன்னா அது எவ்வளவு கஷ்டம்னு யோசிச்சு பாருங்க. 2024 செப்டம்பர்ல வியன்னால நடந்த மாநாட்டுல க்ளைக்ஸ்னர் அந்த கடைசி புல் ரிக்வெஸ்ட, அதாவது 'இத சேத்துக்கோங்க'ங்கற கோரிக்கைய, காகிதத்துல ப்ரின்ட் எடுத்து தங்கக் கலர் உறைல சுத்தி லினக்ஸ உருவாக்கின லினஸ் டோர்வால்ட்ஸ் கைல கொடுத்தார். 20 வருஷ உழைப்பு, 6.12 கர்னல்ல நவம்பர்ல வெளிய வந்துச்சு. நீங்க பண்ண வேண்டியது, 64 பிட் ஓஎஸ் போடுங்க, ஏன்னா 6.12ல ஆர்ம் பக்கம் இது 64 பிட்டுக்குத் தான் வந்துச்சு, கான்ஃபிக்ல முழு ப்ரீஎம்ப்ஷன தேர்வு பண்ணி கம்பைல் பண்ணுங்க. பூட் ஆனதும் யூநேம் போட்டா ப்ரீஎம்ப்ட் ஆர்டின்னு வரணும். கம்பைல் பண்ண இப்ப நேரம் இல்லன்னா, பூட் வரில த்ரெட்ஐஆர்க்யூஸ்னு ஒரு வார்த்த சேத்து பாருங்க, சாதாரண கர்னலே இன்டரப்ட்கள த்ரெட்டா ஓட்டும், முழு பலன் கிடைக்காது ஆனா வித்தியாசம் தெரியும். முழு ஆர்டி கர்னல்ல பை 4 மாதிரி போர்டுல லோடு இருந்தாலும் சைக்ளிக்டெஸ்ட் மேக்ஸ் 100 மைக்ரோசெகண்ட் பக்கத்துல நிக்கும், சரியா செட் பண்ணினா அதுக்கும் கீழ. 1330ல 100 போனா 1230 உங்களுக்கு, இதோட நிம்மதியா வாழலாம்.

கர்னல் போட்டாச்சு, ஆனா இன்னும் வெட்டுதேன்னு பல பேர் வந்து நிக்கறது இந்த எடத்துல தான். ப்ரையாரிட்டி வரிசை. ஆர்டி கர்னல்ல எல்லா இன்டரப்ட் த்ரெட்டும் ஃபிஃபோ 50ல, அதாவது ரியல் டைம் ப்ரையாரிட்டி 50ல தான் பொறக்கும், உங்க யூஎஸ்பி கார்டு கவனிக்கற த்ரெட்டும் 50, எஸ்டி கார்டும் 50, நெட்வொர்க்கும் 50. ஜாக்க 80ல தூக்கி வச்சுட்டு நல்லா இருக்கும்னு நினைச்சா, ஜாக்குக்கு டேட்டா கொண்டு வர்ற யூஎஸ்பி த்ரெட் 50ல எஸ்டி கார்டு பின்னாடி க்யூல நிக்குது. மாப்பிள்ளைக்கு விஐபி வழி விட்டுட்டு தாலி கொண்டு வர்றவர கூட்டத்துல நிறுத்தின மாதிரி. அதனால யூஎஸ்பியோட எக்ஸ்எச்சிஐ த்ரெட் 85, ஜாக் 75, ஜாக் க்ளையன்ட் (ஆம்ப் சிமுலேட்டர், ரிவெர்ப்) அதுக்கும் கீழ, மத்ததெல்லாம் 50, இப்படி வைங்க. சிஎச்ஆர்டி கமாண்டுல ஓடிட்டிருக்கறப்பவே மாத்தலாம். எல்லாத்துக்கும் 99 போடாதீங்க, கர்னல் தன்னோட அவசர வேலைக்கு வச்சிருக்கற த்ரெட் அங்க இருக்கு, அதோட போட்டி போட்டா மொத்த போர்டும் உறைஞ்சிடும். உங்க யூசர ஆடியோ குரூப்ல சேத்து, லிமிட்ஸ் ஃபைல்ல ஆர்டி ப்ரையாரிட்டியும் மெமரி லாக்கும் அனுமதிக்கணும், இல்லன்னா ஜாக் ஆர்டி இல்லாமயே ஓடிட்டிருக்கும், அது ஸ்டார்ட் ஆகறப்ப சொல்ற வார்னிங்க யாரும் படிக்கறது இல்ல.

அப்புறம் கோர் பிரிக்கறது. நாலு கோர் இருக்கு, பூட் வரில ஐசோல்சிபியூஸ்னு போட்டு ஒண்ணு ரெண்ட தனியா ஒதுக்கிடலாம், ஷெட்யூலர் அங்க வேற யாரையும் அனுப்பாது. பை 4ல இன்டரப்ட் பெரும்பாலும் கோர் 0ல தான் வந்து விழும், ப்ராக் இன்டரப்ட்ஸ் ஃபைல பாத்தா உங்களுக்கே தெரியும், அதனால ஆடியோவ 2லயும் 3லயும் வைங்க. ஒரு பள்ளம் இருக்கு, நானும் விழுந்திருக்கேன். ஒதுக்கின கோர்கள் நடுவுல லோடு பிரிச்சு கொடுக்கற வேலைய கர்னல் செய்யாது, நீங்க டாஸ்க்செட்ல '2, 3 ரெண்டுலயும் ஓடு'ன்னு சொன்னா எல்லா த்ரெட்டும் ஒரே கோர்ல போய் குமிஞ்சிடும், இன்னொண்ணு சும்மா கிடக்கும். ஜாக் கோர் 2ல, ஆம்ப் சிமுலேட்டர் கோர் 3லன்னு ஒவ்வொண்ணா பிரிச்சு கட்டுங்க. இன்னொண்ணும் தெரிஞ்சுக்கோங்க, கோர் தனியா இருந்தாலும் பை 4ல 1 எம்பி எல்2 கேஷ் நாலு கோருக்கும் பொது, மெமரிக்கு போற வழியும் பொது, பக்கத்து கோர்ல ப்ரவுசர் வீடியோ ஓடினா உங்க கோரும் கொஞ்சம் அடி வாங்கும். மேடைக்கு போற பெட்டில டெஸ்க்டாப்பே வேணாம். வைஃபை, ப்ளூடூத் ரெண்டையும் ஆஃப் பண்ணுங்க, லாக் எழுதறத ரேமுக்கு மாத்துங்க.

யூஎஸ்பி பத்தி ஒரு வார்த்த. பை 3 வரைக்கும் ஈத்தர்நெட்டும் யூஎஸ்பியும் ஒரே யூஎஸ்பி 2.0 லைன்ல தொங்கிட்டிருந்துச்சு, அதுல 64 சாம்பிள் நினைச்சே பாக்க வேணாம். பை 4ல பிசிஐ எக்ஸ்ப்ரஸ் வழியா விஎல்805ன்னு தனி சிப் வந்ததால நிலைமை ரொம்ப மாறிடுச்சு, இருந்தாலும் நாலு போர்ட்டும் அந்த ஒரே சிப் தான், ஆடியோ கார்டு சொருகின அதே போர்டுல பென்ட்ரைவ்லேர்ந்து ஃபைல் காப்பி பண்ணாதீங்க. புதுசா காசு போடறதா இருந்தா பை 5க்கு போடாம, ஜிபிஐஓ பின்ல உக்கார்ற ஐ2எஸ் ஆடியோ போர்டுக்கு போடுங்க. யூஎஸ்பியோட பாக்கெட், க்யூ எதுவும் இல்லாம சாம்பிள் நேரா டிஎம்ஏ (சிபியூ தொடாம டேட்டா நகர்த்தற வழி) வழியா மெமரிக்கு வரும், ரெண்டு பீரியட்லயே நிம்மதியா ஓடும்.

இது வரைக்கும் சொன்னது வெளிய இருந்து வர்ற தடை. ப்ரோக்ராமுக்குள்ள இருந்து வர்றது தான் எனக்கு பெரிய விஷயம், ஏன்னா எவ்வளவு நல்ல கர்னல் போட்டாலும் இத அது காப்பாத்தாது. ஆடியோ கால்பேக்குக்குள்ள (ஒவ்வொரு பீரியடுக்கும் ஜாக் கூப்பிடற ஃபங்ஷன்), எவ்வளவு நேரம் ஆகும்னு உத்தரவாதம் சொல்ல முடியாத எதையும் கூப்பிடக்கூடாது. புது மெமரி கேக்கற மாலாக் கூடாது, ஏன்னா தொண்ணூத்தொம்பது தடவ உடனே மெமரி கொடுக்கும், நூறாவது தடவ கர்னல் கிட்ட போய் நிக்கும். ப்ரின்ட்எஃப் கூடாது, ஃபைல் படிக்கறது கூடாது. ஆரம்பத்துலயே எம்லாக்ஆல் கூப்பிட்டு மெமரி மொத்தத்தையும் ரேம்ல பூட்டுங்க, இல்லன்னா கொஞ்ச நேரம் தொடாத ஒரு பக்கத்த திடீர்னு தொட்டா அத எஸ்டி கார்டுலேர்ந்து படிச்சு கொண்டு வரணும், அதுக்கு மில்லிசெகண்ட் கணக்குல ஆகும், உங்க முகூர்த்தம் போயே போச்சு. நாப் திருப்பறது, பட்டன் அமுக்கறது இதெல்லாம் இன்னொரு த்ரெட்ல வாங்கி, லாக் இல்லாத ரிங் பஃபர் வழியா ஆடியோ பக்கம் தள்ளிவிடுங்க, ஒருத்தர் எழுத ஒருத்தர் படிக்கன்னு இருந்தா அத பத்திரமா பண்ண முடியும்.

உங்க ரிவெர்ப் மேல எனக்கு தனியா ஒரு சந்தேகம் இருக்கு. கன்வல்யூஷன் ரிவெர்பா (நிஜ இடத்துல பதிவு பண்ணின எதிரொலிய வச்சு கணக்கு போடறது) இருந்தா, சில ப்ளகின் 2048 சாம்பிள் சேந்ததும் எஃப்எஃப்டின்னு ஒரு பெரிய கணக்க அந்த கால்பேக்குக்குள்ளயே போட்டு முடிக்கும். 64 சாம்பிள் பஃபர்ல 32 கால்பேக் வந்தா தான் 2048 சேரும், அப்ப 31 தடவ ரிவெர்புக்கு கிட்டத்தட்ட வேலையே இல்ல, 32வது தடவ அதோட மொத்த சுமையும் தலைல. சராசரி 25 சதவீதம்னு தான் காட்டும், ஆனா அந்த 32வது 90 சதவீதத்துல ஓடிட்டிருக்கும், அந்த நேரம் பாத்து ஒரு நெட்வொர்க் இன்டரப்ட் வந்தா வெட்டு. நீங்க சொன்ன அறிகுறி, சிபியூ குறைவு ஆனா எப்பவாவது டிக், இதோட அப்படியே பொருந்துது. ரிவெர்ப மட்டும் நிறுத்திட்டு பத்து நிமிஷம் ஓட்டிப் பாருங்க, வெட்டு நின்னா காரணம் கிடைச்சாச்சு. துண்டு துண்டா பிரிச்சு பின்னணி த்ரெட்ல கணக்கு போடற ப்ளகினுக்கு மாறினா போதும், இல்ல சாதாரண ஆல்காரிதமிக் ரிவெர்ப் போடுங்க, அது ஒவ்வொரு சாம்பிளுக்கும் ஒரே அளவு வேலை.

லாக் வேணாம்னு சொன்னேன், ஏன்னு ஒரு நிஜ கதை சொல்லணும். 1997 ஜூலை 4ம் தேதி நாசாவோட மார்ஸ் பாத்ஃபைண்டர் செவ்வாய்ல இறங்குச்சு. கொஞ்ச நாள்ல அந்த கம்ப்யூட்டர் தானா ரீசெட் ஆக ஆரம்பிச்சுது. உள்ள விஎக்ஸ்வொர்க்ஸ், அது ரியல் டைம் ஓஎஸ் தான். வானிலை டேட்டா எடுக்கற ஒரு சின்ன ப்ரையாரிட்டி டாஸ்க் ஒரு மியூடெக்ஸ பிடிச்சிட்டு இருக்கும், டேட்டா பஸ்ஸ கவனிக்கற பெரிய ப்ரையாரிட்டி டாஸ்க் அதே மியூடெக்ஸுக்கு காத்திருக்கும், இது வரைக்கும் சரி, சின்னவர் சீக்கிரம் விட்டுடுவார். ஆனா அந்த நேரம் பாத்து நடுத்தர ப்ரையாரிட்டில இருந்த நீளமான வேலை ஒண்ணு உள்ள வந்து சின்னவர ஓட விடாம பண்ணிடும், சின்னவர் ஓடாததால லாக்க விட மாட்டார், பெரியவர் நடுத்தரத்துக்காக காத்துட்டு நிப்பார். கொஞ்ச நேரம் பாத்துட்டு வாட்ச்டாக் டைமர் மொத்தத்தையும் ரீசெட் பண்ணிடும். ஜெட் ப்ரொபல்ஷன் லேப்ல பூமில இருந்த அதே மாதிரி சிஸ்டத்துல இத திரும்ப வரவச்சு, மியூடெக்ஸ்ல ப்ரையாரிட்டி இன்ஹெரிட்டன்ஸ ஆன் பண்ணி, அந்த சின்ன மாத்தத்த செவ்வாய்க்கே அனுப்பி சரி பண்ணாங்க. பெரியவர் காத்திருந்தா லாக் வச்சிருக்கற சின்னவருக்கு தற்காலிகமா பெரியவரோட ப்ரையாரிட்டி கொடுக்கறது தான் அந்த வழி. இதோட கணக்க 1990ல எழுதின மூணு பேர் லூயி ஷா, ரகுநாதன் ராஜ்குமார், ஜான் லெஹோஸ்கி. ராஜ்குமார் நம்ம கோயம்புத்தூர் பிஎஸ்ஜி டெக்ல படிச்சுட்டு கார்னகி மெலனுக்கு போனவர். நீங்க உங்க போர்டுல ஆர்டி கர்னல் போட்டா உள்ள தூங்கக்கூடிய லாக்குல பெரும்பாலானதுல இந்த இன்ஹெரிட்டன்ஸ் வேலை செய்யும். ஆனா நீங்க எழுதற ப்ரோக்ராம்ல சும்மா ஒரு மியூடெக்ஸ் போட்டா அது தானா வராது, பிடீத்ரெட் மியூடெக்ஸ்ல ப்ரையோ இன்ஹெரிட்னு நீங்களே கேட்டு வாங்கணும். கால்பேக்ல லாக்கே இல்லாம பண்றது இன்னும் நல்லது.

கடைசியா, லினக்ஸ் எது வரைக்கும்னு ஒரு எல்லை இருக்கு. 100 மைக்ரோசெகண்ட் ஆட்டம் ஆடியோவுக்கு ஒண்ணுமே இல்ல, ஏன்னா பஃபர் அத விழுங்கிடும். ஆனா ஸ்டெப்பர் மோட்டாருக்கு பல்ஸ் கொடுக்கணும், ஒவ்வொரு பல்ஸும் சில மைக்ரோசெகண்ட் துல்லியத்துல விழணும்னா அத லினக்ஸ் கிட்ட கேக்காதீங்க. 3டி ப்ரின்டர் வச்சிருக்கறவங்களுக்கு க்ளிப்பர் தெரிஞ்சிருக்கும், கெவின் ஓ'கானர் ஆரம்பிச்சது, பை கணக்கு எல்லாம் முன்கூட்டியே போட்டு 'இந்த பல்ஸ் இந்த நேரத்துல'ன்னு பட்டியலா அனுப்பும், அத நேரத்துக்கு அடிக்கறது ஒரு சின்ன மைக்ரோகன்ட்ரோலர், 25 மைக்ரோசெகண்ட் இல்ல அதுக்கும் மேலான துல்லியத்துல. பீகிள்போன் ப்ளாக்ல ப்ராசசருக்குள்ளயே பிஆர்யூன்னு ரெண்டு குட்டி கோர் இருக்கு, 200 மெகாஹெர்ட்ஸ், ஒரு இன்ஸ்ட்ரக்ஷனுக்கு 5 நானோசெகண்ட், ஓஎஸ்ஸே கிடையாது. லண்டன் க்வீன் மேரி பல்கலைக்கழகத்துல உருவான பெலா போர்டு அந்த பிஆர்யூவையும் ஸெனோமைங்கற ரியல் டைம் லினக்ஸ் சாஃப்ட்வேரையும் சேத்து 2 சாம்பிள் பஃபர்ல கூட ஆடியோ ஓட்டுது. 1 கிகாஹெர்ட்ஸ், ஒத்த கோர், உங்க பை 4 பக்கத்துல நிக்கவே முடியாத ப்ராசசர் அது, ஆனா லேட்டன்சில உங்களத தோக்கடிச்சிடும். பை 5 வேணாம்னு மேல சொன்னதுக்கு இத விட நல்ல சாட்சி என் கிட்ட இல்ல.

உங்க கேஸுக்கு இதெல்லாம் வேண்டியதில்ல. இன்னைக்கு அடாப்டரையும் த்ராட்டில்டையும் பாருங்க, கவர்னர மாத்துங்க, ரிவெர்ப நிறுத்தி ஒரு தடவ ஓட்டுங்க, ராத்திரி சைக்ளிக்டெஸ்ட லோடோட போட்டுட்டு தூங்குங்க. காலைல மேக்ஸ் எவ்வளவு வந்துச்சு, ரிவெர்ப் இல்லாம எத்தன வெட்டு, ப்ராக் இன்டரப்ட்ஸ்ல எக்ஸ்எச்சிஐ எந்த கோர்ல இருக்குன்னு மூணையும் எழுதுங்க, கர்னல் கம்பைல் பண்ணணுமா வேணாமான்னு அத பாத்து சொல்றேன். லூப்பேக் கேபிள் ஒண்ணு இருந்தா, கார்டோட அவுட்டையும் இன்னையும் சேத்து ஜாக் ஐஓடிலே ஓட்டி நிஜ ரவுண்ட் ட்ரிப்பையும் அளந்து போடுங்க, ஜாக் தானா சொல்ற நம்பர்ல கன்வெர்ட்டர் நேரம் இருக்காது.